விதி பதினொன்று

ஷார்ஜாவில் மூன்றாம் மாடிக் கூட்ட அறை.
ஏசி பதினெட்டில் நிற்கிறது.
கூட்டக் குறிப்பு எழுதுபவள் நான்.
எனக்குச் சால்வை உண்டு, ஓட்டு இல்லை.

எட்டுக் கல்லூரிகளின் லீக்
பத்தாக வேண்டுமாம்.
ஒன்பதாவது இடம் பத்தே நிமிடத்தில் முடிந்தது:
துபாய்ப் பக்கத்துப் புது வளாகம்.
கூரை போட்ட மைதானம், காணொளியில் ட்ரோன்,
புல்லுக்கே தெரியாத ஒரு பச்சை.
கால்பந்துக்கு எத்தனை பேர் என்றார் தோமாச்சன்.
ஏழு. மீதியைச் சேர்த்துவிடுவார்களாம்.
சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள்.
எழுதினேன்: ஒருமனதாக.

பத்தாவதுக்குத்தான்
பேரீச்சம்பழத் தட்டு இரண்டு முறை நிரம்பியது.

அஜ்மான் செவிலியர் கல்லூரி.
எறிபந்தில் அவர்களை வெல்ல ஆளில்லை.
ஆண்கள் அணி கிடையாதே, விதி நான்கு, என்றார் ஷெரீஃப்
கண்ணாடியைக் கழற்றாமலே.
நான்காம் விதியை யார் எழுதினார்கள் என்று
யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

கடைசியில் திப்பா.
மலைக்கு அந்தப் பக்கம், மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால்
கடலியல் கல்லூரி ஒன்று.
மூன்று பக்க விண்ணப்பம், ஒரே ஒரு புகைப்படம்:
கார் நிறுத்துமிடத்தின் மஞ்சள் கோடுகளுக்கு நடுவே
பதினான்கு பையன்கள்.
சூடானி கோல்கீப்பர் முதஸ்ஸிர்
பனியன் மேல் டேப் ஒட்டி
'1' போட்டிருக்கிறான்.
பின்னால் யாருடையதோ ஒரு டொயோட்டா,
முன்கண்ணாடியில் பந்து பட்ட விரிசல்.

"நல்ல பையன்கள்தான்" என்றார் தலைவர் உபைத்.
'நல்ல'வுக்குப் பின்னால் ஓர் 'ஆனால்' நிற்கும்,
பதினோரு வருடத்தில் அது எனக்குத் தெரியும்.
ஆனால் விதி பதினொன்று:
நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் உறுப்பினர் இல்லை.
பஸ் வாடகை, டிரைவர் பேட்டா,
மறுநாள் காலைத் தேர்வு.
"எவ்வளவு தூரம்?" என்று என்னைப் பார்த்தார்.
அந்த அறையில் என்னிடம் கேட்கப்பட்ட
முதல் கேள்வி.

திரையில் நூற்றிருபத்தொன்பது.
நீலக் கோடு மலைக்குள் புகுந்து
மறுபக்கம் வந்தது.
மார்த்தாண்டத்தில் படிக்கும் மகளிடம்
பக்கத்தில்தான் இருக்கிறேன், நாலு மணி நேர விமானம்
என்று வாராவாரம் சொல்கிறவள் நான்.
"நூற்றிருபது, சார். சரியாக."

ஒன்பது கிலோமீட்டரை விழுங்கினேன்,
ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல்.
ஐந்துக்கு மூன்று. எழுதினேன்.

அக்டோபர், முதல் ஆட்டம், இரவு ஏழரை.
பந்தைத் தொட்டால் கையில் ஈரம்.
பதினைந்து நிமிடத் தாமதம் என்றால் வெற்றி எதிரணிக்கு.
அது விதி ஏழு.
நேரம் பார்ப்பவளும் நான்தான்.
புது வளாகத்தில் இப்போது பதினோரு பேர்,
பெயர் தெரியாமல்
"ஏய் எட்டு", "ஏய் ஐந்து" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.
ஏழு நாற்பத்தி நான்கு.
நடுவர் ரோமெல் என் மேசையைப் பார்த்தார்.
கீழே விழாத பேனாவை
மேசைக்கடியில் வெகுநேரம் தேடினேன்.
நிமிர்ந்தபோது பஸ் வந்து நின்றிருந்தது.

முதஸ்ஸிர் ஷூவைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான்.
"மன்னிக்கணும் மேடம்.
நீங்க அனுப்பின தாள்ல நூற்றிருபதுன்னு இருந்தது.
அதை நம்பித்தான் கிளம்பினோம்."

என் கடிகாரத்தில்
இன்னும் ஏழு நாற்பத்தி நான்குதான் என்றேன் ரோமெலிடம்.
அவர் தன் கடிகாரத்தைப் பார்க்காமல்
விசிலை எடுத்தார்.

இடைவேளைக்குள் நான்கு கோல்.
தண்ணீர்கூடக் குடிக்காமல் அவன் மேசைக்கு வந்தான்.
வியர்வையில் எண் உரிந்துவிட்டதாம், டேப் இருக்கிறதா?
இருந்தது.
கிழித்துக் கொடுத்தேன்,
கொஞ்சம் நீளமாகவே.